பங்குக் காசு கொடுக்காமல் நழுவும் சக ஊழியர்: பாக்கியை வாங்குவதற்கும் இனி பாக்கி விழாமல் தடுப்பதற்கும் முழுமையான வழிகாட்டி

ஆறு பேர் சேர்ந்து மதியம் வெளியே சாப்பிடுகிறீர்கள். பில் 1,800, ஆளுக்கு 300. ஐந்து பேர் கணக்கு அன்றைக்கே தீர்ந்துவிடுகிறது. ஒருவருடைய 300 மட்டும் பில் கட்டியவர் தலையில் நின்றுவிடுகிறது. வாரம் ஒரு தடவை இப்படி நடந்தால் ஒரு வருடத்தில் 15,600. தனித்தனியாகப் பார்த்தால் தொகை சின்னது, அதனால் கேட்கக் கூச்சம். அந்தக் கூச்சம் இருக்கும்வரை பாக்கி ஏறிக்கொண்டேதான் இருக்கும்.

இதில் இரண்டு வேலைகள் இருக்கின்றன. ஒன்று, நின்றுபோன பணத்தைக் கேட்டு வாங்குவது. இன்னொன்று, உங்கள் பணம் முதலில் வெளியே போகாதபடி ஏற்பாட்டையே மாற்றுவது. முதல் வேலையை மட்டும் செய்துவிட்டு நிறுத்துகிறவர்கள் இரண்டு மாதம் கழித்து அதே இடத்தில் வந்து நிற்கிறார்கள். ஆள் மாறுவார் என்று காத்திருக்க வேண்டாம். பணம் கைமாறும் நேரத்தை மாற்றுங்கள். செலவுக்குப் பிறகு வசூல் என்பதைச் செலவுக்கு முன் வசூல் என்று ஆக்கிவிட்டால் பாதிக்கு மேல் பிரச்சினை தானாக அடங்கிவிடும்.

முதல் படி: நான்கு வாரம் எழுதி வையுங்கள்

கேட்பதற்கு முன் உங்கள் சந்தேகம் சரிதானா என்று பாருங்கள். மைக்கேல் ராஸ், ஃபியோரே சிகோலி என்ற உளவியலாளர்கள் 1979-இல் வெளியிட்ட ஆய்வில், கணவன் மனைவி இருவரிடமும் வீட்டுப் பொறுப்புகளில் உங்கள் பங்கு எவ்வளவு என்று தனித்தனியாகக் கேட்டார்கள். இருவர் சொன்னதையும் கூட்டினால் பெரும்பாலும் முழுப் பங்கைவிட அதிகமாக வந்தது. தான் செய்தது நன்றாக நினைவில் நிற்கும், மற்றவர் செய்தது மங்கிவிடும். பில் கட்டும் விஷயத்திலும் இதுதான் நடக்கும். போன மாதம் அவர் வாங்கிக் கொடுத்த காபியும், மழை நாளில் வண்டியில் கொண்டுவந்து விட்டதும் உங்கள் மனக்கணக்கில் ஏறியிருக்காது.

போனில் ஒரு குறிப்பு போதும். தேதி, எதற்கான செலவு, மொத்தத் தொகை, யார் கட்டினார்கள், அவருடைய பங்கு எவ்வளவு, கொடுத்தாரா, எந்தத் தேதியில் கொடுத்தார் என்று எழுதுங்கள். கடைசி விஷயத்தை விட்டுவிடாதீர்கள். பத்து நாள் கழித்துக் கொடுப்பவரும் கொடுக்கவே கொடுக்காதவரும் வேறு வேறு ஆட்கள், இருவரையும் ஒரே மாதிரி நடத்தினால் காரியம் கெடும். அவர் உங்களுக்காகச் செய்த செலவையும் அதே குறிப்பில் எழுதுங்கள். நான்கு வாரத்தில் குறைந்தது மூன்று தடவை பங்கு வராமல் போயிருந்தால் அதைப் பழக்கம் என்று எடுத்துக்கொள்ளலாம். ஒரே தடவை என்றால் மறதியாக இருக்கலாம், அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு விட்டுவிடுங்கள்.

இந்தக் குறிப்பு உங்களுக்கு மட்டும். யாரிடமும் காட்ட வேண்டாம், அவரிடமும் முழுசாக நீட்ட வேண்டாம். நான்கு வாரக் கணக்கை ஒரே மூச்சில் எடுத்துப் போட்டால், பணத்தைப் பற்றிய பேச்சு 'என்னை உளவு பார்த்தாயா' என்ற சண்டையாகிவிடும்.

இரண்டாம் படி: ஏன் கொடுக்கவில்லை என்று கண்டுபிடியுங்கள்

மறப்பவர் நினைவூட்டியதும் அங்கேயே கொடுத்துவிடுவார், சங்கடமும் படுவார். இவருக்கு ஒரு குறுஞ்செய்தி போதும்.

கையில் பணம் இல்லாதவர் மாதக் கடைசியில் நழுவுவார், சம்பளம் வந்ததும் கொடுப்பார். சாப்பிடும்போதும் குறைவாகவே வாங்குவார், வெளியே போகலாம் என்றால் சாக்குச் சொல்லி ஒதுங்கப் பார்ப்பார். இவரிடம் கறாராக நடந்துகொள்வது தவறு. இவரைப் பற்றிப் பின்னால் தனியாகச் சொல்கிறோம்.

மூன்றாமவர் கணக்கு நியாயமில்லை என்று நினைப்பவர். ஒரே ஒரு காபி குடித்திருப்பார், பங்கு மட்டும் எல்லோருக்கும் சமம். சமமாகப் பிரிப்பதில் உள்ள கோளாறு சோதித்துப் பார்க்கப்பட்டதுதான். யூரி க்னீஸி, எர்னான் ஹருவி, ஹடாஸ் யஃபே மூவரும் 2004-இல் வெளியிட்ட ஆய்வில், ஆறாறு பேரை உணவகத்தில் உட்கார வைத்து, சிலரை அவரவர் பில்லைக் கட்டச் சொன்னார்கள், சிலரைச் சமமாகப் பிரித்துக் கட்டச் சொன்னார்கள். சமமாகப் பிரித்தவர்கள் அதிகமாக வாங்கிச் சாப்பிட்டார்கள். ஆனால் எந்த முறை வேண்டும் என்று கேட்டபோது பெரும்பாலானவர்கள் தனித்தனியாகக் கட்டுவதையே விரும்பினார்கள். ஆகவே உங்கள் ஆள் முனகினால் அதில் நியாயம் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

நான்காமவர் தெரிந்தே செய்பவர். விலை கூடியதை வாங்குவார். பில் வரும் நேரத்தில் கை கழுவப் போவார், இல்லாவிட்டால் ஒரு போன் வரும். 'அடுத்த தடவை நான்' என்பார், அந்த அடுத்த தடவை வந்ததே இருக்காது. முக்கியமாக, யார் கேட்க மாட்டார்களோ அவர் பக்கத்தில்தான் உட்காருவார்.

முகத்தைப் பார்த்து இதை முடிவு செய்ய முடியாது. தொகை, தேதி இரண்டும் தெளிவாக வைத்து ஒரே ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். வரும் பதிலே ஆள் யார் என்று சொல்லிவிடும்.

மூன்றாம் படி: கேட்பது

எவ்வளவு பின்னால் போய்க் கேட்பது என்று முதலில் முடிவு செய்யுங்கள். ரசீதோ குறுஞ்செய்தியோ கையில் உள்ள கடைசி ஒரு மாதத்துப் பாக்கியை மட்டும் கேளுங்கள் என்பதே எங்கள் ஆலோசனை. அதற்கு முந்தியதைக் கேட்டால் அவருக்கு நினைவிருக்காது, உங்களிடம் சான்று இருக்காது, பேச்சு நீளும், அதில் உண்மையான ஒரு மாதத்துப் பாக்கியும் சேர்ந்து கரைந்துபோகும்.

புதிய செலவு என்றால் அன்றைக்கே கேளுங்கள், அதிகம் போனால் 24 மணி நேரத்துக்குள். தள்ளிப்போடத் தள்ளிப்போட உங்களுக்குக் கேட்பது கடினமாகும், அவருக்கு மறப்பது எளிதாகும். தனியாகக் கேளுங்கள். நான்கு பேர் முன்னால் கேட்டால் பணம் வந்துவிடலாம், ஆனால் அவர் அதை அவமானமாக நினைவில் வைத்துக்கொள்வார். நாளைக்கு அவரோடு உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டியவர் நீங்கள்தான்.

செய்தியில் நான்கு விஷயங்கள் இருக்க வேண்டும்: எதற்கு, எவ்வளவு, எப்போதுக்குள், எப்படி அனுப்புவது. இப்படி எழுதலாம்:

"நேத்து மதியச் சாப்பாடு மொத்தம் 1,800 ஆச்சு, ஆளுக்கு 300. உங்க பங்கு மட்டும் பாக்கி இருக்கு. இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள இந்த நம்பருக்கே அனுப்பிடுங்க. பில் போட்டோ கீழ வெச்சிருக்கேன்."

'தப்பா நினைக்காதீங்க', 'கேக்கவே ஒரு மாதிரியா இருக்கு', 'முடிஞ்சா குடுங்க' எதுவும் வேண்டாம். இவற்றில் ஒன்று நுழைந்தாலும், உங்களுக்கு வர வேண்டிய பணம் அவர் மனசு வைத்தால் தரும் உதவியாக மாறிவிடுகிறது. 'கொஞ்சம் பணம் வரணும்' என்றும் சொல்லாதீர்கள். எண்ணைச் சொன்னால்தான் அவரால் உடனே அனுப்ப முடியும்.

உங்களுக்குள் 'நீ, வா, போ' பழக்கம் இருந்தால் இந்த ஒரு செய்திக்காக 'நீங்க' என்று மாற வேண்டாம். திடீரென்று மரியாதை கூடினால் கோபம் என்று அர்த்தமாகிவிடும். எப்போதும் பேசுகிற தொனியிலேயே பேசுங்கள், தொகை மட்டும் துல்லியமாக இருக்கட்டும்.

நேரில் கேட்கிறீர்கள் என்றால், தொகையைச் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். அடுத்து வரும் இரண்டு மூன்று விநாடி மௌனத்தைத் தாங்க முடியாமல் 'பரவாயில்ல, மெதுவா குடுங்க' என்று நீங்களே சொல்லிவிடுவதால்தான் பாதி வசூல் நடக்காமல் போகிறது. முதலில் பேச வேண்டியவர் அவர்.

வரக்கூடிய பதில்கள் ஏறக்குறைய எல்லா அலுவலகத்திலும் ஒன்றுதான். 'அடுத்த தடவை நான் பாத்துக்கிறேன்' என்றால், "அது அப்ப பாத்துக்கலாம், இந்த 300-ஐ இப்பவே முடிச்சிடலாம்" என்று சொல்லுங்கள். அடுத்த தடவை என்ற வாக்கில் தொகையும் கிடையாது, தேதியும் கிடையாது. அவர் முறை வரும் நாளில் நான்கு பேர் லீவில் இருப்பார்கள், இல்லாவிட்டால் வெறும் தேநீரோடு முடிந்துவிடும்.

'இப்ப கையில காசில்ல' என்றால் கோபப்பட வேண்டாம். "சரி, எந்தத் தேதி முடியும்னு சொல்லுங்க" என்று கேளுங்கள். தேதியை நீங்கள் சொல்லாமல் அவர் வாயால் வரவழையுங்கள். தானே சொன்ன தேதியைத் தாண்டுவது எல்லோருக்கும் கொஞ்சம் கஷ்டம். பிறகு "அப்ப 5-ஆம் தேதி, 300" என்று ஒரு வரி அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள்.

'நான் அவ்வளவு சாப்பிடலையே' என்றால் வாதாடாதீர்கள். பில்லை எடுத்து அவர் வாங்கியதற்கு மட்டும் கணக்குப் போட்டுக் கொடுங்கள். இதில் பலர் தடுமாறுவது வரியிலும் சேவைக் கட்டணத்திலும். வழி எளிது. வரிக்கு முன் மொத்தம் 1,500, கடைசியாகக் கட்டியது 1,650 என்றால், 1,650-ஐ 1,500-ஆல் வகுங்கள், 1.1 வரும். அவர் வாங்கியது 240 என்றால் 240 × 1.1 = 264. இதே எண்ணால் எல்லோருடைய தொகையையும் பெருக்கினால் கூட்டுத்தொகை சரியாக 1,650-இல் வந்து நிற்கும்.

'அப்பவே குடுத்துட்டேனே' என்று சொன்னால் முதலில் உங்கள் வங்கிக் கணக்கையும் போனில் வந்த செய்திகளையும் பாருங்கள். உண்மையாகவே கொடுத்திருக்கலாம். இல்லை என்று உறுதியான பிறகு, "எனக்கு வந்ததா காட்டல, அனுப்பின ஸ்கிரீன்ஷாட் இருந்தா போடுங்க, கணக்குல சேத்துடறேன்" என்று கேளுங்கள். நீங்கள் பொய் சொல்கிறீர்கள் என்ற தொனி எங்கேயும் வரக் கூடாது.

'இந்தச் சின்னக் காசுக்கா இவ்வளவு?' என்பதுதான் மிகவும் கூசவைக்கும் பதில், அதற்காகவே சொல்லப்படுவதும் கூட. "சின்னக் காசுதான், அதான் இப்பவே முடிச்சிடலாம்னு சொல்றேன்." அதற்கு மேல் ஒரு வார்த்தையும் வேண்டாம்.

நான்காம் படி: நினைவூட்டலுக்கு ஓர் எல்லை வையுங்கள்

முதல் தடவை கேட்டு மூன்று நாள் ஆகியும் வரவில்லை என்றால் ஒரு வரி. அவர் சொன்ன தேதியன்று காலையில் இன்னொரு வரி. அதற்கு ஒரு வாரம் கழித்துக் கடைசியாக ஒன்று, நேரில். மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பாக்கி பெரிதாகச் சேர்ந்திருந்தால் இரண்டு மூன்று தவணையாக வாங்கிக்கொள்ளலாம், ஒவ்வொரு தவணைக்கும் தேதியும் தொகையும் எழுத்தில் இருக்கட்டும்.

மூன்றாவதற்கும் வரவில்லையா? அந்தப் பணத்தை விட்டுவிடுங்கள். அன்றிலிருந்து அவருக்காக ஒரு காசும் முன்னால் போடாதீர்கள். விட்டுவிட்டேன் என்று அவரிடம் சொல்லவும் வேண்டாம், பிறரிடம் பெருமையாகச் சொல்லவும் வேண்டாம். மறுபடி எப்போதாவது அவர் 'எனக்கும் சேத்துக் கட்டிடுங்க' என்று கேட்டால், "பழைய 300 இன்னும் பாக்கி இருக்கு, அதை முடிச்சிட்டுப் பாக்கலாம்" என்று சொல்ல அந்தக் கணக்கு அப்படியே இருக்கும்.

ஐந்தாம் படி: ஏற்பாட்டை மாற்றுங்கள்

உணவகத்தில் எளிய தீர்வு தனித்தனி பில். ஆனால் அதை உட்கார்ந்தவுடன், ஆர்டர் எடுக்கும் முன்பே சொல்ல வேண்டும். சாப்பிட்டு முடித்த பிறகு பிரித்துத் தரச் சொன்னால் பல இடங்களில் முடியாது என்பார்கள், கடைசியில் யாரோ ஒருவர் முழுசாகக் கட்டுவார், பழைய கதை திரும்பத் தொடங்கும். முதலில் பணம் கட்டி டோக்கன் வாங்கும் இடமாகத் தேர்ந்தெடுத்தால் பேச்சுக்கே இடமில்லை. தனித்தனி பில் கிடைக்காது என்று தெரிந்தால், ஆளுக்கு ஒரு தொகையைக் கிளம்பும் முன் ஒருவரிடம் சேர்த்துவிடுங்கள். மிஞ்சியதைத் திருப்பிக் கொடுப்பது, குறைந்ததை வசூலிப்பதைவிட நூறு மடங்கு சுலபம்.

சமமாகப் பிரிக்கும்போது வரும் சில்லறையையும் முன்கூட்டியே தீர்மானியுங்கள். 1,000-ஐ ஏழு பேர் பிரித்தால் ஆளுக்கு 142.86. எல்லோரிடமும் 142 வாங்கினால் 6 குறையும், அதுவும் கட்டியவர் தலையில்தான். 143 வாங்குங்கள், மிஞ்சும் 1 பொதுப் பணத்தில் சேரட்டும். எப்போதும் மேல்நோக்கியே முழுமையாக்குங்கள்.

அலுவலகத் தேநீர், காபிச் செலவுக்குப் பொது நிதி வையுங்கள். கடைசி மூன்று மாதச் செலவு 4,200, 3,900, 4,500 என்று வைத்துக்கொள்வோம். சராசரி 4,200. விலை ஏற்றத்துக்கும் விருந்தினருக்கும் 10 சதவீதம் சேர்த்தால் 4,620. பதினொரு பேர் என்றால் ஆளுக்கு 420. சம்பளம் வந்த மூன்று நாளுக்குள் வசூல் முடிய வேண்டும், அப்போதுதான் எல்லோர் கையிலும் பணம் இருக்கும். கொடுத்தவர்கள் பெயரை மட்டும் ஒரு தாளில் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டுங்கள். கொடுக்காதவர் பட்டியல் என்று ஒன்று போடவே கூடாது. பெயர் இல்லாதவர் தானே புரிந்துகொள்வார், யாரும் அவரைச் சுட்டிக்காட்டியதாகவும் ஆகாது.

இந்த நிதி கெட்டுப்போவதற்கான காரணங்களும் தெரிந்தவைதான். பொறுப்பாளர் தன் சொந்தப் பணத்தோடு கலந்துவிடுவார், மூன்று மாதத்தில் அவருக்கே கணக்கு புரியாது. எனவே தனி உறை அல்லது தனிக் கணக்கு வேண்டும். ஒருவரே வருடக்கணக்கில் பார்த்தால் சலிப்பும் சந்தேகமும் வரும், ஆகவே மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றுங்கள். மாதக் கடைசியில் முன்னிருப்பு, வசூல், செலவு, மீதி என்று நான்கு எண்கள், கூடவே ரசீதுகளின் புகைப்படம். நீண்ட விடுப்பில் போகிறவருக்கு என்ன என்பதை முன்பே முடிவு செய்யுங்கள், உதாரணமாகத் தொடர்ந்து பத்து வேலை நாளுக்கு மேல் வராதவருக்குப் பாதி. குடிக்காதவரிடம் வாங்கவே வாங்காதீர்கள். சேரும்படி வற்புறுத்தப்பட்டவர்தான் முதலில் கொடுப்பதை நிறுத்துவார்.

உண்டியல் மாதிரி பெட்டி வைத்து 'எடுப்பவர் காசு போடவும்' என்று எழுதி வைக்கலாமா? இங்கிலாந்தில் நியூகாஸில் பல்கலைக்கழகத்தின் ஒரு துறையில் காபி அறையிலேயே இதைச் சோதித்தார்கள். மெலிசா பேட்சன், டேனியல் நெட்டில், கில்பர்ட் ராபர்ட்ஸ் 2006-இல் அதை வெளியிட்டார்கள். விலைப்பட்டியலுக்கு மேல் ஒரு வாரம் பூக்கள் படம், மறு வாரம் பார்க்கும் கண்கள் படம் என்று மாற்றி மாற்றி ஒட்டினார்கள். செலவான பாலின் அளவோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, கண்கள் இருந்த வாரங்களில் ஏறக்குறைய மூன்று மடங்கு பணம் சேர்ந்தது. பின்னால் வந்த ஆய்வுகளில் இந்த விளைவு ஒரே சீராகக் கிடைக்கவில்லை. படத்தை நம்புவதைவிட, கொடுத்தவர் பெயர்ப் பட்டியலை நம்புவது நல்லது.

ஒரே வண்டியில் சேர்ந்து வேலைக்கு வருபவர்கள் கணக்கை லிட்டரில் போடுங்கள். போக வர 40 கிலோமீட்டர், வண்டி லிட்டருக்கு 16 கிலோமீட்டர் ஓடும் என்றால் ஒரு நாளைக்கு 2.5 லிட்டர், 22 வேலை நாளுக்கு 55 லிட்டர். ஓட்டுபவரையும் சேர்த்து நான்கு பேர் என்றால் ஆளுக்கு 13.75 லிட்டர். அன்றைய விலையால் பெருக்கி மாத முதல் நாளில் வாங்கிவிடலாம், விலை ஏறினாலும் புதிதாகப் பேச்சுவார்த்தை தேவையில்லை. சுங்கக் கட்டணம், வண்டி நிறுத்தும் கட்டணம் இருந்தால் தனியாகச் சேர்த்துப் பிரியுங்கள். ஒரு நாள் வராதவருக்குக் கழிவு கிடையாது என்று வையுங்கள், அவர் வந்தாலும் வராவிட்டாலும் வண்டி ஓடத்தான் செய்கிறது. ஒரு வாரத்துக்கு மேல் லீவு என்றால் கழித்துக்கொள்ளலாம். ஆனால் செலவுக்கு மேல் லாபம் வைத்து வாங்காதீர்கள். பல நாடுகளில் அது வாடகைக்கு ஓட்டுவதாகிவிடும், விபத்து நேர்ந்தால் காப்பீட்டிலும் சிக்கல் வரும்.

'இன்னைக்கு நான், நாளைக்கு நீ' என்ற முறைவழி ஏற்பாடு மூன்று நான்கு பேருக்குள், தினமும் ஒரே அளவு செலவாகும் இடத்தில் மட்டும் நிற்கும். அதற்கு மேல் போனால் முறை குழம்பும். வைத்துக்கொள்ளத்தான் வேண்டும் என்றால் வரிசையை எழுதி வையுங்கள், தன் முறையன்று வராதவர் திரும்பி வந்த முதல் நாளில் கட்ட வேண்டும்.

பிரிவு உபசாரம், பிறந்தநாள், திருமணப் பரிசு ஆகியவற்றை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது அன்பளிப்பு, யாருக்கும் கடமை கிடையாது. வசூல் முடிந்த பிறகே பரிசை வாங்குங்கள், சேர்ந்த தொகைக்குள் வாங்குங்கள். யார் எவ்வளவு போட்டார் என்று யாருக்கும் தெரியாதபடி ஓர் உறையைச் சுற்றுக்கு விட்டால் போதும், வாழ்த்து அட்டையில் எல்லோரும் கையெழுத்துப் போடட்டும்.

செயலி வேண்டுமென்றால் ஸ்பிளிட்வைஸ் போன்றவை நன்றாகவே வேலை செய்யும். யார் யாருக்கு எவ்வளவு என்பது எல்லோர் கண்ணிலும் படுவதால் கேட்பதற்கே அவசியம் குறைகிறது. ஒரு விஷயத்தில் மட்டும் கவனம். அதில் கடன்களைச் சுருக்கிக் காட்டும் வசதி ஒன்று உண்டு. பரிமாற்றங்களின் எண்ணிக்கையைக் குறைப்பதற்காக, உங்களுக்கு ஒருவர் தர வேண்டியதை வேறொருவருக்குத் தருவதாக அது மாற்றிவிடும். எல்லோரும் ஒழுங்காகக் கொடுக்கும் குழுவில் இது பெரிய வசதி. கொடுக்காத ஒருவர் உள்ள குழுவில், அவருக்குக் காசே போடாத ஒருவர் தலையில் அந்த வராக்கடன் போய் உட்கார்ந்துவிடும். அப்படிப்பட்ட குழுவில் அதை அணைத்து வையுங்கள்.

அலுவலகப் பயணச் செலவு முற்றிலும் வேறு. சேர்ந்து போன வாடகைக் காருக்கு நீங்கள் பணம் கட்டி, அவர் அந்த ரசீதைக் கொடுத்து நிறுவனத்திடம் முழுத் தொகையையும் வாங்கிக்கொண்டால், அது நட்புக் கணக்கு இல்லை, பொய்க் கணக்கு. கட்டியவர் மட்டுமே ரசீதை வைத்துக்கொள்ள வேண்டும், அவர் மட்டுமே கோர வேண்டும். மீறினால் நேராகக் கணக்குப் பிரிவில் சொல்லுங்கள்.

ஆறாம் படி: குழுவை ஒரே பக்கம் நிறுத்துங்கள்

தனி ஒருவர் கறாராக இருந்து பலனில்லை. நீங்கள் நிறுத்தியதும் அவர் அடுத்த நாற்காலிக்கு நகர்வார், அங்கே ஒரு இளகிய மனசுக்காரர் கட்டிவிடுவார். எர்ன்ஸ்ட் ஃபேர், சைமன் கெக்டர் இருவரும் 2000-இல் வெளியிட்ட பரிசோதனைகளில், பொது நிதிக்குப் போடாமல் பலனை மட்டும் அனுபவிப்பவருக்கு விளைவு ஏதும் இல்லாதபோது, போகப் போக மற்றவர்களும் போடுவதைக் குறைத்துக்கொண்டார்கள். விளைவு உண்டு என்றானதும் பங்களிப்பு உயர்ந்தது. அலுவலகத்தில் தண்டனை எதுவும் தேவையில்லை. முன்பணம் தராதவருக்காக யாரும் கட்டுவதில்லை என்பதே போதுமான விளைவு.

அந்த இளகிய மனசுக்காரரிடம் முதலில் தனியாகப் பேசுங்கள். பிறகு புதிய முறையை எல்லோருக்கும் பொதுவாக, ஒரு தேதியோடு அறிவியுங்கள்: "அடுத்த 1-ஆம் தேதியிலிருந்து வெளிய சாப்பிடப் போனா கிளம்புறதுக்கு முன்னாடியே எல்லாரும் காசு போட்டுடலாம். யார் கணக்கும் பாக்கி நிக்காது." சம்பந்தப்பட்டவர் பெயர், பழைய பாக்கி, ஜாடைமாடையான பேச்சு எதுவும் அதில் இருக்கக் கூடாது. அறிவித்த பிறகு முதல் இரண்டு வாரம் ஒரு விதிவிலக்கும் கொடுக்காதீர்கள். 'இன்னைக்கு மட்டும்' என்று ஒரு நாள் விட்டால் முறை அன்றோடு போயிற்று.

மேலதிகாரி, இளையவர், கஷ்டத்தில் இருப்பவர்

கொடுக்காதவர் மேலதிகாரி என்றால் நீங்களாக முன்னால் பணம் போடாதீர்கள், அது ஒன்றுதான் உங்கள் கையில் உள்ளது. அவர் வாங்கி வரச் சொன்னால், "சார், எவ்வளவு ஆகும்னு பாத்துட்டேன், 450. குடுத்தீங்கன்னா இப்பவே போயிட்டு வந்துடறேன்" என்று முன்னாலேயே கேளுங்கள். பின்னால் கேட்பதைவிட இது எவ்வளவோ லேசு, மரியாதைக் குறைவும் இல்லை. குழுவோடு வெளியே போகும்போது, "மேடம், இது ஆபீஸ் கணக்கா, இல்ல நாங்க பிரிச்சுக்கணுமா?" என்று கிளம்பும் முன்பே கேட்டுவிடுங்கள்.

புதிதாகச் சேர்ந்த, சம்பளம் குறைந்த தம்பி தங்கைகள் கொடுக்கத் தயங்கினால், குழு போகும் இடம் அவர்கள் சக்திக்கு மீறியதா என்று பாருங்கள். 'இன்னைக்கு நான் வரல' என்று ஒருவர் சொன்னால் காரணம் கேட்காமல் விடும் பழக்கத்தைக் கொண்டுவாருங்கள். உண்மையான பணக் கஷ்டத்தில் உள்ளவரிடம் பாக்கியைக் கேட்பதைவிட, "கொஞ்ச நாளைக்கு வீட்ல இருந்து கொண்டுவந்து சேந்து சாப்பிடலாமா?" என்று திட்டத்தை மாற்றுவது நல்லது. அவருக்காக நீங்கள் கட்ட விரும்பினால் கட்டுங்கள். அப்போது அது கடன் இல்லை, நீங்கள் கொடுத்தது என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள், கணக்கிலும் எழுதாதீர்கள்.

மதியச் சாப்பாட்டுப் பாக்கிக்காக மனிதவளத் துறைக்குப் போக வேண்டாம். அவர்கள் செய்யக்கூடியது எதுவுமில்லை, உங்களுக்குத்தான் பெயர் கெடும். பொது நிதியை ஒருவர் சுருட்டியது, பொய் ரசீது, பதவியைக் காட்டிப் பணம் போட வைப்பது, கேட்டதற்காக மிரட்டுவது ஆகியவை நடந்தால் தேதியும் சான்றுமாகப் போங்கள். அதேபோல, பாக்கிக்காக அவருடைய வேலையைத் தாமதப்படுத்துவது, குழுவில் ஸ்கிரீன்ஷாட் போடுவது, சொல்லாமல் அவர் பொருளை எடுத்து வைத்துக்கொள்வது போன்றவற்றில் இறங்கினால் அதுவரை உங்கள் பக்கம் இருந்த நியாயம் அன்றைக்கே அவர் பக்கம் போய்விடும்.

பணம் வந்துவிட்டால், "வந்துடுச்சு, நன்றி" என்று மட்டும் பதில் போடுங்கள். 'ஒரு வழியா குடுத்தீங்களே' என்ற வார்த்தை வேண்டாம், குறிப்பில் அந்த வரியை அடித்துவிடுங்கள். தொடர்ந்து மூன்று மாதம் முன்பணத்தை ஒழுங்காகக் கொடுத்தால், அவசரத்துக்கு ஒரு தடவை அவருக்காக நீங்கள் கட்டலாம், அதுவும் போனாலும் பரவாயில்லை என்று நினைக்கும் தொகைக்குள். அது 24 மணி நேரத்தில் திரும்பி வந்தால் மறுபடி கட்டலாம். வராவிட்டால் மீண்டும் முன்பணம்தான்.